மட்டக் கரி

ஜெயசுந்தரி டிபன் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே நான்கு மைசூர்பாகு. நிலக்கரி நிறுவனங்கள் மாநிலத்துக்குக் கட்டும் ராயல்டியை டெல்லி உயர்த்திவிட்டதாம். மாநிலத்துக்கு வருமானம் கூடும் என்று அவள் வேலை பார்க்கும் சுரங்கத் துறை அலுவலகத்தில் இனிப்பு கொடுத்திருந்தார்கள். கிதியோன் டப்பாவைப் பார்த்தான், எடுக்கவில்லை. அவன் ஒரு நிலக்கரி நிறுவனத்தில் செலவுக் கணக்குப் பிரிவில் இருந்தான். "நீங்க கட்டறீங்க, நான் வாங்கறேன்" என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் ஒரு வேடிக்கை. 2012 மே மாதத்தின் அந்தச் சாயங்காலம் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எட்டாம் நம்பர் சுரங்கத்தை மூடிருவாங்க ஜெயா. டன்னுக்கு இருபது ரூபாதான் மிஞ்சுது. கரண்ட் உற்பத்தி பண்றவங்களோட ஒப்பந்தம் இருக்கு, இந்த வருஷம் விலையை ஏத்த முடியாது. ராயல்டி ஏறினா அந்த இருபதும் போச்சு. நானூறு பேரு. நாளைக்கு நான்தான் கணக்கைக் கொடுக்கணும்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வருஷம் அவன் அங்கே இருந்தான். முதல் தடவை கீழே இறங்கியபோது பயத்தில் உறைந்து நின்றவனின் கையைப் பிடித்துக்கொண்டு, பிரியாணியைப் பற்றியே பேசியபடி கூட்டிப்போன அப்துல் ரஹீம்தான் இப்போது அந்தச் சுரங்கத்தின் மேனேஜர்.

"ராயல்டி எவ்வளவு ஏறும்னு போட்டீங்க?"

"பேப்பர்ல வந்த சராசரிதான். எல்லாச் சுரங்கத்துக்கும் அதே."

"அது ஏன்? உங்க எட்டாம் நம்பர்ல வர்றது மட்டக் கரிதானே?" அவள் கைப்பையிலிருந்து ஆணையின் நகலை எடுத்தாள். "இதுவரைக்கும் டன்னுக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை, அதுக்கு மேல விலையில கொஞ்சம் சதவீதம். இனிமே தொகை கிடையாது, சதவீதம் மட்டும்தான், அதைக் கூட்டிட்டாங்க. ஒசந்த கரிக்குத்தான் அடி. உங்க கரிக்கு விலையே கம்மி."

கிதியோன் கைக்குக் கிடைத்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டான்.

"டாடி, அது என் சயின்ஸ் ரெக்கார்டு!" என்று கத்தினாள் மகள் எமி.

ராயல்டி டன்னுக்கு ஒரு ரூபாய் குறைந்தது. மறுபடி போட்டான். குறைந்துதான் இருந்தது. மைசூர்பாகு இரண்டை நின்றபடியே தின்றுவிட்டு, மூன்றாவதை ஜெயசுந்தரியின் வாயில் திணித்தான். அவளால் சிரிக்கவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

மறுநாள் டைரக்டர் கிதியோன் கொடுத்த கணக்கை மூன்று முறை படித்தார். உயர்ந்த கரி எடுக்கும் புதிய சுரங்கங்களின் லாபம் நன்றாக இறங்கியிருந்தது. அவர் முகம் சுருங்கியது. "எட்டாம் நம்பரைத் தொட வேண்டாம். அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்.

அடுத்த வருஷம் என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும். கிதியோன் தன் இடத்துக்கு வந்து செல்போனில் ரஹீமைக் கூப்பிட்டு அவருடைய உருதுவிலேயே சொன்னான்.

"பந்த் நை, ரஹீம் பாய். சுரங்கம் ஓடும்."

"சச்சி? நிஜமாவா?"

"ஹவ், சச்சி."

ரஹீம் போனைக் கையில் வைத்துக்கொண்டே யாரிடமோ தெலுங்கில் கத்துவது கேட்டது. ஷிப்ட் மாறுகிற நேரம். ஒரு விசில், பிறகு பல குரல்கள், யாரோ தகரத்தைத் தட்டும் ஓசை. செல்போனிலிருந்து வந்த சத்தத்தில் பிரிவில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கிதியோன் மேஜைமேல் இருந்த போனில் மனைவியின் அலுவலக எண்ணை அழுத்தினான். அவள் "ஹலோ" என்றதும், சுரங்கத்தின் அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்கட்டும் என்று, செல்போனையும் ரிசீவரையும் வாயும் காதுமாகச் சேர்த்து, இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.