பீரோ தூக்கிய சம்பந்திகள்

பீரோவின் கனமான பக்கத்தை யார் பிடிப்பது என்பதில்தான் வம்பு ஆரம்பித்தது. மகளும் மருமகனும் மாடி வீட்டுக்குக் குடிபோன அன்று, பெண்ணைப் பெற்ற எலக்ட்ரீஷியன், "நீங்க மேல பிடிங்க சம்பந்தி, கனம் கீழதான் இறங்கும், நான் பாத்துக்கறேன்" என்றார். பிள்ளையைப் பெற்ற பேக்கரிக்காரர் விடுவாரா? "அதெப்படி? மாவு மூட்டை தூக்கின உடம்பு இது" என்று அவரும் கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டார். மேலே பிடிக்க ஆளில்லாத பீரோ இருவர் மேலும் சாவகாசமாகச் சாய்ந்தது. எலக்ட்ரீஷியனுக்கு வலது தோள் போயிற்று. பேக்கரிக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பீரோவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

எலும்பு முறிவு ஒன்றுமில்லை, தசைதான் அடிபட்டிருக்கிறது என்று சொல்லி டாக்டர் இருவரையும் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே லேசர் சிகிச்சை. பக்கத்துப் பக்கத்துக் கட்டில், நடுவில் ஒரு திரை.

தெரபிஸ்ட் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, கையடக்கமான கருவியைத் தோளில் வைத்தாள். லேசாக ஒரு கதகதப்பு, அவ்வளவுதான். ஆயுசு முழுக்க ஒயரும் பல்புமாகக் கழித்த எலக்ட்ரீஷியனுக்குச் சிரிப்பு வந்தது.

"வெளிச்சம் காட்டினா வலி போகும்னா, எங்க வீட்ல யாருக்கும் வலியே இருக்கக் கூடாதேம்மா."

"இது வேற வெளிச்சம் சார். தோலைத் தாண்டி உள்ள இறங்கும். வலியும் வீக்கமும் குறைய உதவும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. கூடவே நான் சொல்ற பயிற்சியும் செய்யணும். சரி, பத்துக்கு எவ்வளவு வலி இப்ப?"

உண்மையில் தோள் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் சம்பந்தி காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாரே.

"ஒண்ணு இருக்கும்" என்றார்.

"எனக்கு அரைதான்" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

இப்படியே வாரங்கள் போயின. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத கதை. தெரபிஸ்ட் கேட்கும்போதெல்லாம் அரை, கால், சுத்தமாக இல்லை என்று இருவரும் போட்டி போட்டார்கள். அவளோ, "நீங்க சொல்றத வெச்சுத்தானே நான் அளவு வைக்கிறேன்? கை மட்டும் ஏன் காதுக்கு மேல போக மாட்டேங்குது?" என்று குழம்பினாள். வலிதான் இல்லையே என்று பயிற்சியையும் இருவரும் தொடவில்லை.

ஒருநாள் தெரபிஸ்ட் போன் பேச வெளியே போயிருந்தாள். சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனுக்குத் திரைக்கு அப்பால் முனகல் கேட்டது. விலக்கிப் பார்த்தால், செருப்பை எடுக்கக் குனிந்த பேக்கரிக்காரர் நிமிரவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் மடக்குக்கத்தி போல நின்றார்.

பதறிப்போய் அவர் கையைப் பிடித்துத் தூக்கினார் எலக்ட்ரீஷியன். பழக்க தோஷம், வலது கையால் தூக்கிவிட்டார். தோளில் மின்னல் வெட்டியது. "ஐயோ அம்மா" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன. இருவரும் கட்டிலில் சரிந்தார்கள்.

பிறகு பேக்கரிக்காரர் மெதுவாகக் கேட்டார். "ஒண்ணுன்னுதானே சொன்னீங்க?"

"நீங்க அரைன்னீங்களே."

"எட்டு சம்பந்தி. அன்னிலேர்ந்து எட்டு. ராத்திரி புரண்டு படுக்க முடியல."

"எனக்கு ஒம்பது. சட்டை போட்டுவிட வீட்ல ஆள் வேண்டியிருக்கு."

"இதுலயும் என்னை முந்தணுமா நீங்க?"

எலக்ட்ரீஷியனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தோள் குலுங்கி வலித்தது; வலிப்பதைப் பார்த்து மற்றவர் சிரித்தார்; அவருக்கு இடுப்பில் பிடித்தது. தெரபிஸ்ட் உள்ளே ஓடி வந்தபோது இரண்டு பெரிய மனிதர்களும் கண்ணில் நீர் வழிய ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள்.

அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார்கள். அவள் முறைத்தாள், பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்து சிகிச்சையை மாற்றி அமைத்தாள். அன்று முதல் சாயங்காலமானால் இருவரும் வீடியோ காலில் எதிரெதிரே நின்று பயிற்சி செய்தார்கள். ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் கண்டுபிடித்துவிடுவார். எட்டும் ஒன்பதுமாக இருந்த வலி ஆறாகி, ஆறு மூன்றாகி இறங்கியது. எலக்ட்ரீஷியன் தன் தலையைத் தானே வாரிக்கொண்ட காலையில், கண்ணாடி முன்னால் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றார்.

"வெளிச்சத்தால போச்சா, பயிற்சியால போச்சாம்மா?" என்று கடைசி நாளில் கேட்டார்.

"ரெண்டும்தான் சார். நீங்க வாயைத் திறந்து வலிக்குதுன்னு சொன்னதும்தான்."

சிகிச்சை முடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் தினமும் காலையில் ஷூ மாட்டத் தொடங்கினார். சம்பந்தி தெருமுனையில் நடைக்குக் காத்திருப்பார். ஒருநாள் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "கல்யாணம் நம்ம பொண்ணுக்கு ஆச்சா, உங்க ரெண்டு பேருக்கு ஆச்சா?"

"நேரமாச்சு, வந்து சொல்றேன்" என்று அவர் படியிறங்கினார்.