அட்ஜஸ்ட் என்னும் வினைச்சொல்

1

இந்தக் கதை ஆண்டாள் கோயில் வரிசையில் கிடைத்தது. கைக்குழந்தையோடு பின்னால் நின்ற ஒருவர், "பிள்ளைக்குச் சாமி தெரியலண்ணே, செத்த அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றார். நகர்ந்தேன். குழந்தையும் பார்த்தது, நானும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அகராதியைத் திறந்தேன். லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. வேரின் பொருள், அருகே கொண்டுவருதல். பொருத்துவது, சரிசெய்வது எல்லாம் பிறகு வந்தவை.

2

"ராஜபாளையத்தில் அன்று மழை..."

வேண்டாம். மழையில் தொடங்கினால் நானே நம்பமாட்டேன்.

பரிபூரணம் ராஜபாளையத்தில் நூல் மில் தொழிலாளி. மகள் கல்பனாவைப் பெண் பார்க்க, மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பையன் பாண்டிதுரை பட்டாளத்தில் இருக்கிறான். லீவு முடிந்து இன்றே ரயில் ஏறுகிறான். இன்றைக்கு விட்டால் இனி அடுத்த லீவுதான். ஆனால் மூன்று மணிக்குப் பரிபூரணத்தின் மெஷினை ஏற்கவேண்டிய பெண் வரவில்லை.

"அடுத்த ஷிப்டையும் அட்ஜஸ்ட் பண்ணிருங்கம்மா" என்றார் சூப்பர்வைசர்.

(அகராதியில் இந்தப் பயன்பாடு இல்லை. மேலே இருப்பவர் சொல்லும்போது இந்தச் சொல் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.)

3

"கண்கள் குளமாக, பரிபூரணம்..."

அடித்துவிட்டேன். அவர் அழவில்லை. அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே இருந்தார்.

பக்கத்து மெஷின் வேலுத்தாய் வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தார். இருவருக்கும் பேச்சு கிடையாது. (யார் பக்கம் நூல் அதிகம் அறுந்தது என்று சூப்பர்வைசர் முன்னால் வந்த சண்டை. தப்பு யாருடையது என்று எழுதிப் பார்த்தேன். கதைக்கு அது தேவைப்படவில்லை.)

வேலுத்தாய் அவிழ்த்த தலைத்துணியை மறுபடி கட்டினார்.

"ஏட்டி, நவுரு."

"நீ எதுக்கு நிக்கணும்?"

"ஒன் மூஞ்சிக்காகவா நிக்கேன்? புள்ளைக்காக நிக்கேன். தலையத் தட்டிட்டுப் போ, அம்புட்டும் பஞ்சு. மாப்பிள்ள வீட்டுக்காரவிய நரைன்னு நெனச்சிருவாவ."

"பாதி நரைதாம்ட்டி" என்று பரிபூரணம் சிரித்துவிட்டார்.

வேலுத்தாய் இவ்வளவு சுலபமாக இறங்கிவருவாரா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் கடவுள் பெரும்பாலும் நேரில் வருவதில்லை. பக்கத்தில் இருப்பவரைத்தான் அனுப்புகிறார்.

4

பஸ் தாமதமாகி, மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டதாக ஒரு முடிவு எழுதினேன். மனம் ஒப்பவில்லை. கோயிலிலேயே பூ வைத்துவிட்டதாக இன்னொன்று எழுதினேன். அதில் கல்பனா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதைப் படித்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அவளிடம் யாருமே கேட்டிருக்கவில்லை, நான் உட்பட.

ஆகவே மூன்றாவது முடிவு. முன்னமே வந்துவிட்ட கல்பனா, கோயில் வாசலில் அம்மாவுக்கு எதிரே வருகிறாள்.

"அம்மா, அவிய அப்பவே வந்துட்டாவ. வேகமா வா."

"இருக்கட்டும். அந்தத் தம்பிகிட்டப் பேசுனியா?"

"செத்த நேரம் பேசுனேன்."

"ஒனக்குப் பிடிச்சிருக்கா? எனக்காகச் சொல்லாத, தாயி. மனசுல உள்ளதச் சொல்லு."

கல்பனா அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவள் சொல்வதை நீங்கள் கேட்டு எழுதுங்கள். எதுவானாலும், ஒரு சொல்லையும் திருத்தாமல்.