துரு ஏறாதது

மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு ரோச் தன் மச்சானுடைய ஸ்கூட்டரின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்தான். ஷாக் அப்சார்பரின் அடிமுனையைத் தேரிச் செம்மண் அப்பி மூடியிருந்தது. துடைக்கக் கை எழவில்லை.

வீட்டினுள்ளே செபமாலையின் துக்க தேவ இரகசியங்கள் அலையலையாய் எழுந்து அடங்கின. நடுவே, மலர் சூழ, அவன் அக்காள் பிளாரன்ஸின் கணவர் செபாஸ்டின் கிடத்தப்பட்டிருந்தார். காலையில் சாயர்புரம் சாலையில் வண்டியோடு சாய்ந்தவர் எழவில்லை. நெஞ்சு நின்றுபோயிற்று என்றார் மருத்துவர். வண்டியை மாட்டுவண்டியில் ஏற்றிவந்த பக்கத்து வீட்டு வில்பிரட்டோ, பின்பக்கம் ஏதோ போல்ட் ஒடிந்திருக்கும் என்றான். இரண்டையும் கேட்ட பிளாரன்ஸ் தம்பியை ஒருமுறை பார்த்தாள்.

"எது முந்தி, ஏலே? நெஞ்சா, வண்டியா?"

அவன் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

தோணிகளுக்கு ஆணி அறைந்து பழகிய கை அவனுடையது. உப்புக்காற்று உண்ணும் ஊரில் துருவே கூற்றுவன் என்பது அவன் குலத்தார் கற்ற முதற்பாடம். மூன்று மாதத்திற்கு முன், மச்சானின் ஷாக் அப்சார்பர் போல்ட் துருவேறி இற்றபோது, தோணிக்கு வாங்கிய பித்தளைப் போல்ட்டொன்றை அளவு பார்த்து அவனே முடுக்கினான். அது பொன்னெனச் சுடர்ந்தது.

"இதுக்குத் துரு ஏறாது மச்சான். ஒங்க உசுருக்கு நான் ஜாமீன்."

"ஜாமீன்காரன் மொதல்ல ஒழுங்கா பூசைக்கு வாலே" என்று அவர் சிரித்தார்.

இப்போது அந்த ஜாமீன் சொல்லே அவனைக் குத்தியது. ஒடிந்ததால் விழுந்தாரா, விழுந்ததால் ஒடிந்ததா? வினாக்கள் சுழியில் அகப்பட்ட தக்கைபோல் சுழன்றன. மன்றாட்டின் பாதி வரியில் மனம் நழுவிப் போல்ட்டிடமே திரும்பியது.

துடைத்தான். மண்ணடியில் பொன் இல்லை. கருத்த இரும்புத் தலை. அதன்மேல் பொறித்த எண்கள். ஒடியவில்லை, அசையவுமில்லை. பித்தளைதான் கறுத்துவிட்டதோ என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தான். இரும்பேதான்.

மலர்மாலையோடு வந்த ஸ்கூட்டர் பட்டறைக்காரர் காசிலிங்கம் அவனருகே நின்றார்.

"அண்ணாச்சி, இது யாரு போட்டது?"

அவர் வீட்டினுள் நோக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான்தான். நீ போட்ட மறுநாளே ஒம் மச்சான் வந்துட்டாரு. பித்தளை தோணிக்குச் சரி. குலுங்குத வண்டிப் பாரத்த அது தாங்காதுல்லா. தலையில நம்பர் வெட்டுன இரும்புதான் தாங்கும். மாத்திக் குடுத்தேன். ரோச்சுகிட்ட மட்டும் சொல்லிராதிய, மனசு சங்கடப்படுவான்னாரு."

ரோச் வண்டியின் கருவிப்பெட்டியைத் திறந்தான். ஸ்பேனர்களுக்கடியில், வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றப்பட்டு, அவன் கொடுத்த பித்தளை கிடந்தது. துரு ஏறவில்லை.

நெஞ்சிலிருந்து இறங்கியது எது, ஏறியது எது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதை மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனான்.

பிளாரன்ஸ் நிமிர்ந்தாள்.

"நெஞ்சுதான்க்கா."

அவள் தலையசைத்தாளா என்பது முக்காட்டில் தெரியவில்லை.

துக்கமணி ஒலித்தது. குருசு முன்னே நடந்தது. சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் தெருமுனைதோறும் ஆள் மாறிக்கொண்டார்கள். வில்பிரட் இருமுறை வந்து ரோச்சிடம் தோள் மாற்றக் கேட்டான். சிமித்தேரி வாசல்வரை ரோச் தன் இடத்தைக் கொடுக்கவில்லை.