ஒரே குப்பி

கோச்சபம்பா நகரின் அரசு மருத்துவமனை ஒன்றில், திறந்த பூஸ்டர் தடுப்பூசிக் குப்பி வீணாகக் கூடாதென்று தன் வார்டின் மற்ற ஐந்து செவிலியருக்கும் நேற்று ஒரேயடியாக ஊசி போட்டவள் நில்டா. அவளும் போட்டுக்கொண்டாள். இன்று காலை வேலைக்கு வந்தது அவள் ஒருத்திதான்.

"காய்ச்சல்டி, எலும்பெல்லாம் நொறுங்குது," என்றாள் அந்த ஐவரில் ஒருத்தியான யூசேபியா போனில்.

"அஞ்சு பேரும் படுத்துட்டா நான் என்னடி பண்ணுவேன்?"

"வரிசையா நிக்க வச்சுக் குத்தினது யாரு? அனுபவி!"

நில்டாவுக்கும் உடம்பு கொதித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. இருபது நோயாளிகளை யாரிடம் விடுவது? மாத்திரையை விழுங்கிவிட்டு முதல் கட்டிலுக்குப் போய், கிழவர் ஹசிந்தோவின் நெற்றியைத் தொட்டாள்.

"காய்ச்சல் இருக்கா, தாத்தா?"

"எனக்கில்லம்மா, உன் கைதான் சுடுது. செத்த உக்காரு," என்று அவர் கால்களை மடக்கி இடம் விட்டார்.

நில்டா உட்கார்ந்தாள்.