நாலாவது கையெழுத்து

நகக்கண்ணில் ஏறியிருந்த செம்மண் போகவில்லை. மகிழினி ஈரத்துணியை இரண்டு முறை அலசிப் பிழிந்துவிட்டாள். மூன்றாவது முறை அப்பாவின் கால் பெருவிரலைத் தேய்க்கும்போது, ஐஸ் பெட்டிக்காரர் கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்தபடி, "போதும்மா, மூடணும்" என்றார். கையை எடுத்துக்கொண்டாள்.

அப்பா மண்ணாங்கட்டி விம்கோ நகர் ஆலையில் முப்பது வருடம் மெஷின் ஓட்டியவர். ஓய்வுபெற்றதும் அத்திப்பட்டுக்கு அந்தாண்டை முப்பது சென்ட் வாங்கினார். மனைவி இறந்த பிறகு, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ரயிலேறிப் போய் வெண்டையும் கீரையும் போட்டார்.

அங்கே ஏரியில் சவுடு மண் எடுக்கக் குவாரி வந்தது. அவரையும் சேர்த்து நாலு பேர் நிலத்தின் குறுக்கே லாரிப் பாதை போட்டார்கள். வேலை முடிந்ததும் நிலத்தைப் பழையபடி ஆக்கித் தருவதாகப் பேச்சு. குவாரி மூடியும் பாதையைப் பெயர்க்கவில்லை. இடுப்பு உயரத்துக்கு இறுகிக் கிடந்தது. மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் இரண்டு வருடமாக நாலு நிலமும் அழுகின.

கடைசியில் காண்டிராக்டர் ஒரு தாள் அனுப்பினான். பாதையைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டி மட்டம் பண்ணுவான். நாலு பேரும் சம்மதம் எழுதித் தர வேண்டும். மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

"என் மேல்மண்ண வாரிகினு போய் அவன் யார்டுல குவிச்சு வெச்சுகிறான். அத்த கொண்டாந்து கொட்டச் சொல்லு. சாம்பல்ல இன்னா மொளைக்கும்?" என்று மண்ணாங்கட்டி மறுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த மூவரும் அவரோடு பேசுவதில்லை.

நேற்று காலை கடப்பாரையோடு போனவர், தானே பாதையை வெட்டித் தண்ணீருக்கு வழிவிடப் பார்த்திருக்கிறார். ஒரு மணிக்கு மாடு மேய்க்கிறவர் ஒருவர் அவர் விழுந்து கிடப்பதைக் கண்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். "ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்று டாக்டர் சொன்னதை மகிழினி அண்ணன் பாரியிடம்கூடச் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு ராமசுப்பு வந்தார். கையெழுத்துப் போட்ட மூவரில் ஒருவர். மூலக்கடையில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். கொண்டுவந்த ரோஜா மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, பாரியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப பேசக்கூடாதுதான், தம்பி. வெள்ளிக்கிழமையோட பாதையப் பேக்கிற மெஷினு வேற சைட்டுக்குப் போவுது. விட்டா இந்த மழைக்கும் தண்ணிதான். பக்கத்து நெலத்து ஆசீர்வாதம் கெணத்துல சாக்கடை நிக்கி. அப்பாவுக்குப் பதிலா பிள்ளைய ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாப் போதும்னுட்டான் காண்டிராக்டர்."

"இப்பவா அண்ணாச்சி?"

"வெள்ளிக்கு ரெண்டு நாளுதானே கெடக்கு."

வீட்டில் வேறு சமதளம் இல்லை. ராமசுப்பு மாலையை ஒதுக்கிவிட்டு, சம்மதத் தாளைக் கண்ணாடி மூடியின்மேலேயே விரித்தார். அப்பாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று டைப் அடித்து வந்திருந்தது. பாரி படிக்கவில்லை. "இவுரு ஒருத்தராலதான் எல்லாருக்கும் பேஜாரு" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

ராமசுப்பு மகிழினி பக்கம் திரும்பினார். "நல்ல மனுஷன்தான் தாயி. பிடிவாதம். நேத்துகூடப் பாத்தேன். நெஞ்சப் புடிச்சுக்கிட்டு பாதையோரம் உக்காந்திருந்தாரு. என்னப் பாத்துக் கைய அசைச்சாரு. இப்பமாது பேசத் தோணுச்சேன்னு நெனச்சேன்."

"நிக்கலியா?"

"பேச்சுவார்த்த கெடையாதுல்லா. வண்டியில சரக்கு வேற இருந்துச்சு."

மகிழினி எழுந்து போய், பாரி மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தாள்.

"இதுல எழுதிக் குடுங்க அண்ணாச்சி."

"எத?"

"இப்ப சொன்னத. எத்தினி மணிக்குப் பாத்தீங்க, அவுரு இன்னா பண்ணிகினு இருந்தாரு, எல்லாம். கீழ கையெழுத்து. அப்பால நான் போடறேன்."

"இன்னா மகிழு இது?" என்றான் பாரி. அவள் அவனைப் பார்க்கவில்லை.

"போலீசுக்கா தாயி?"

"எனுக்கு."

ராமசுப்பு வாசலைப் பார்த்தார். பிறகு பாரியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அப்பாவின் முகத்துக்கு நேர்மேலே நோட்டுத்தாளை வைத்துக் குனிந்தார். முத்துமுத்தான கையெழுத்து. பாதியில் நிறுத்தினார்.

"பத்துன்னு போட்டுட்டேன். ரயில்வே கேட்டுல கொஞ்ச நேரம் நின்னேன். பத்தேகால் இருக்கும்."

அடித்துவிட்டுப் பத்தேகால் என்று திருத்தினார்.

மகிழினி அவருடைய தாளில் தன் பெயரை முழுதாக எழுதினாள். மூடியில் பூத்திருந்த ஈரம் இரண்டு தாளிலும் இறங்கியிருந்தது. ராமசுப்பு தன்னுடையதைத் துண்டில் ஒற்றி நாலாக மடித்துக்கொண்டு படியிறங்கினார்.

வண்டி வந்துவிட்டது, உடலை இறக்கலாம் என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார்கள். பாரி வந்து கூப்பிட்டான். அவள் நோட்டுத்தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, அது காய்கிறவரை மின்விசிறிக்குக் கீழே நின்றாள்.