ஆடுகிற நாற்காலி

...தனிமை என்ற சொல்லைப் போட்டிருக்கக் கூடாது, அதுதான் முதல் தப்பு, ‘தனிமையில் இருக்கும் ஆண்களுக்கான பட்டறை, ஆண்கள் மட்டும்’ என்று பலகை எழுதிக் குடியிருப்பின் பழைய ஜெனரேட்டர் அறை வாசலில் மாட்டினால் எவன் உள்ளே வருவான், அக்கா பார்த்துவிட்டு, “கக்கூஸ் போர்டு மாதிரி இருக்குடா, அதுவும் அழுமூஞ்சிக் கக்கூஸ்” என்றாள், அழித்துவிட்டு ‘பழுதான பொருள்களைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து சரிசெய்வோம்’ என்று எழுதினேன், பொருள்கள் வந்தன, மிக்சி, இஸ்திரிப்பெட்டி, எல்லாம் மனைவிமார் கையில், “அவரு வரமாட்டாருப்பா, எப்போ ரெடியாகும்?”, அந்த அவரைத்தானம்மா கொண்டுவரச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது, அவர் மேலே டிவிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார், டிவி ஓடுமோ ஓடாதோ... இன்றைக்கும் ஆள் சேரவில்லை என்றால் இந்த அறைச் சாவி கைமாறும், குடியிருப்புச் சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார், பழைய சாமான் போட இடம் வேண்டுமாம். போகட்டும். போனால் நான் எங்கே போவது, மறுபடி அந்தப் பார்சல் கிடங்குக்கா, ராத்திரி முழுக்கப் பெல்ட் ஓடும், பக்கத்தில் ஒருவன் இரண்டு வருடம் நின்றான், ஒருநாள் அவன் இடத்தில் வேறு ஆள், அவன் கையுறையைப் போட்டுக்கொண்டு. செத்துப்போனானாம். எப்படி என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, விடிந்ததும் வெளியே வந்தவன்தான், திரும்பிப் போகவில்லை.

வாசலில் நிழல், லிஃப்ட் மெக்கானிக், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார், கையில் அதே மர நாற்காலி, மூன்றாவது வாரம். “மறுபடி ஆடுது தம்பி.” எந்தக் கால் என்றேன். “இன்னைக்கு இது.” ஸ்க்ரூவின் தலையில் புதுக் கீறல், வெள்ளையாகப் பளபளக்கிறது, ஆயுள் முழுக்க லிஃப்டைத் தூக்கி நிறுத்திய மனுஷனுக்கு ஒரு நாற்காலிக் காலை முடுக்கத் தெரியாதா என்ன, கழற்றத்தான் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கையிலிருக்கும் திருப்புளியையே மேஜை முழுக்கத் தேடுகிறேன், அவரும் குனிந்து தேடுகிறார், “தரை கோணலா இருக்குமோ சார்?” “தரை கோணல்னா நானும்ல ஆடணும்” என்று சிரிக்கிறார், எத்தனை நாளைக்கு அப்புறம் இந்த அறையில் ஒரு சிரிப்பு, இதை வைத்து இன்னும் அரைமணி நேரம் ஓட்டலாம், ஓட்டுவேன்... செயலாளர் எட்டிப் பார்க்கிறார். “எத்தனை பேரு?” “ரெண்டு.” “உன்னையும் சேர்த்தா?” “ஆமா.” “அப்ப ஒண்ணு. அவரும் ரிப்பேருக்கு வந்தவரு. காலையில சாவியக் குடுத்துடு.” போய்விட்டார், மெக்கானிக் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கோபம் வந்தால் என் கை மட்டும் ஒழுங்காக வேலை செய்யும், நான்கு கால்களையும் கழற்றி, சுரண்டி, பசை தடவி, அறைந்து, இறுக்கி, துடைத்து, நிமிர்ந்தபோதுதான்...

மெக்கானிக் நாற்காலியை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. “பசையா தம்பி?” “ஆமா சார்.” “அப்ப இனிமே கழலாது.” கழலாது, யார் கழற்றினாலும் கழலாது, செய்து முடித்துவிட்டேன், சபாஷ். “வீட்ல வேற நாற்காலி இருக்கா சார்?” என்று கேட்டேன், கேட்கும்போதே எனக்கே அசிங்கமாக இருந்தது. “ஒருத்தனுக்கு எதுக்கு ரெண்டு?” என்றார், கோபமில்லாமல், விலை சொல்வதுபோல, நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார், படியில் கால் சத்தம், முதல் மாடி, இரண்டாம் மாடி, கதவு. அவ்வளவு பக்கம். ஏறிப்போய்த் தட்டினால் திறப்பார், எதுக்குத் தம்பி என்பார், என் கையில் ஒன்றும் இருக்காது, சும்மா வந்தேன் என்று சொல்ல வேண்டும், சும்மா என்ற அந்த ஒரு சொல், ஊர் ஆண்களையெல்லாம் கூப்பிட்டுப் பலகை மாட்டியவன் நான், இங்கேயே நின்று சொல்லிப் பார்க்கிறேன், சும்மாதான் சார், சும்மா... வாயில் நிற்கவில்லை, எந்தக் குரலில் சொல்வது அதை...