கை காட்டாத பள்ளம்

ஏழு வருடம் கழித்து மறுபடியும் சைக்கிள் ஓட்டலாம் என்று ஜாய்ஸ் கடைக்குப் போனாள். துணைக்குத் தோழி பாண்டீஸ்வரியும் வந்தாள். முன்பு ஞாயிறுதோறும் இருவரும் மேலூர் வரை ரேஸ் சைக்கிளில் போய்வருவார்கள். அப்படி ஒருநாள் பள்ளத்தில் விழுந்து பாண்டீஸ்வரிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இன்றும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள். அன்று முன்னால் போனவள் ஜாய்ஸ். பள்ளத்தைக் கண்டால் பின்னால் வருபவளுக்குக் கை காட்ட வேண்டும் என்பது இருவருக்குள்ளும் இருந்த ஏற்பாடு.

கடைக்காரர் மெல்லிய டயர் சைக்கிள் ஒன்றையும் அகல டயர் சைக்கிள் ஒன்றையும் காட்டினார். ஜாய்ஸ் அகல டயரைத் தொட்டுப் பார்த்தாள்.

"பயமா இருக்காடி?" என்றாள் பாண்டீஸ்வரி. "பழசு மாதிரியே எடு. நீ அம்புட்டு வேகமாப் போவியே."

ஜாய்ஸுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அன்னைக்கு அந்தப் பள்ளத்தை நான் பார்த்தேன்டி. கையை எடுத்தா வேகம் கொறஞ்சு நீ முந்திருவியோன்னு விட்டுட்டேன்."

பாண்டீஸ்வரி அவளையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தெனமும் சோறு கொண்டாந்தியே. அப்பச் சொல்லியிருக்கலாம்ல."

சைக்கிள் எடுக்காமல் இருவரும் ஒரே ஆட்டோவில் திரும்பினார்கள். செல்லூரில் தன் வீட்டருகே இறங்கும்போது பாண்டீஸ்வரி, "சைக்கிளை நீயே பாத்து எடுத்துக்க. நான் வரல" என்று மட்டும் சொன்னாள்.